ஜீப்பின் சொந்தக்காரர்

கிரான்
17.03.1996

அன்புத் தங்கச்சி கண்ணகைக்கு,

பேச்சியம்மன் காவலில் நாங்கள் சுகமாக இருக்கிறோம். குவைத்தில் நீ வேலை செய்கிற வீட்டில் உன்னை நல்லபடியாக வைத்திருக்கிறார்களா, இடுப்பு நோவு எப்படி என்று மறக்காமல் எழுது. உன் மச்சாள் சீதேவிப்பிள்ளையும் இதையேதான் கேட்கச் சொன்னாள்.

மாரி இந்த முறை பிந்தித்தான் ஓய்ந்தது. வயல் வட்டையில் பாதி வேளாண்மை வெள்ளத்தோடு போய்விட்டது. மிஞ்சியதை வெட்டிச் சூடடித்து முடித்தாயிற்று.

உன் வீட்டு வளவில் மச்சானின் ஜீப் நிற்கிற கொட்டில் மழைக்குச் சரிந்து, கூரை முழுவதும் ஜீப்பின் மேல் கிடந்தது. அதை அகற்றப் போனபோதுதான் இத்தனை வருசத்துக்குப் பிறகு அதைச் சரியாகப் பார்த்தேன். வயர் எல்லாம் எலி தின்றுவிட்டது. பின் இருக்கையில் கீரி குட்டி போட்டிருந்தது. நாலு ரயரும் மண்ணோடு மண். ஆனால் உடம்பு அலுமினியம் என்றபடியால் துருவில்லை. எஞ்சினின் மேல்மூடியை மச்சான் கழற்றி வைத்தபடிதான் இருக்கிறது. நீ கிறீஸ் பூசிச் சாக்கால் மூடிவிட்டுப் போனது எவ்வளவு நல்லது தெரியுமா? உள்ளே சிலிண்டர் மோசமில்லை.

பழைய இரும்பு எடுக்கிறவன் வந்து கேட்டான். அனுப்பிவிட்டேன். நான் அதைத் திருத்தலாம் என்று நினைக்கிறேன். புலிபாய்ந்தகல் பக்கத்துச் சனத்துக்கு மாரியில் ஆசுபத்திரிக்கு வர ஒரு வழியும் இல்லை. நாலு சில்லும் இழுக்கிற வண்டி இந்தப் பகுதியில் இது ஒன்றுதான். கழற்றிய சாமான்கள் ஒன்றையும் வீட்டில் காணவில்லை. எங்கே வைத்தாய் என்று எழுது.

உன் நலம் விரும்பும் அண்ணன்,
கோணாமலை


குவைத்
11.04.1996

அன்புள்ள அண்ணனுக்கு,

கண்ணகை எழுதுகிறேன். எனக்கு ஒரு குறையும் இல்லை. இடுப்பு நோவுக்கு வீட்டுக்கார அம்மா தைலம் வாங்கித் தந்தா. வருசப் பிறப்புக்கு இந்தக் கடிதம் கைக்கு வராது என்று தெரியும், ஆனாலும் எல்லாருக்கும் என் வாழ்த்து.

அண்ணன், ஜீப்பில் கைவைக்க வேண்டாம். கூரையை மட்டும் தகரம் போட்டு மூடிவிடுங்கள். தொண்ணூறாம் ஆண்டு ஆமிச் சுற்றிவளைப்பில் அவரைக் கொண்டுபோன பிறகு ஊரில் எத்தனை வாகனம் போனது? இயக்கப் பெடியள் கேட்டு எடுத்தது பாதி, ஆமிக்காரர் எடுத்தது பாதி. நம்முடையது மிஞ்சியது ஓடாததால்தான். நீங்கள் அதை ஓட வைத்தால் இரண்டு பக்கமும் வந்து கேட்பார்கள். நடுவில் நிற்கப்போவது நீங்கள். சாமான்களை நான் அதற்காகத்தான் ஒளித்து வைத்தேன்.

வேறு விசயம். புஸ்பத்துக்கு எட்டாம் மாதம் என்று கார்த்திகையில் எழுதியிருந்தீர்கள். பிள்ளை ஆணா பெண்ணா? இந்தக் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே. பேரப்பிள்ளையைக் கண்ட சந்தோசத்தில் தங்கச்சியை மறந்துவிட்டீர்கள் போல.

மச்சாளையும் புஸ்பத்தையும் கேட்டதாகச் சொல்லுங்கள்.

அன்புடன்,
கண்ணகை


கிரான்
20.05.1996

அன்புத் தங்கச்சிக்கு,

உன் கடிதம் பிரித்து ஒட்டிய அடையாளத்தோடு வந்து சேர்ந்தது. சுகமாக இருக்கிறாய் என்று அறிந்து ஆறுதல். இங்கே மச்சாளுக்கு முழங்கால் வீக்கம், வேறொன்றும் இல்லை. அம்மன் கோயில் சடங்கு தொடங்கப்போகிறது.

நீ சொன்னபடி தகரம் போட்டேன். ஆனால் கை சும்மா இருக்கவில்லை. பிஸ்டன் இறுகியிருந்தது. மண்ணெண்ணெயும் எஞ்சின் எண்ணெயும் கலந்து ஊற்றி, தினமும் காலையில் கைபிடியைப் போட்டு அசைத்துப் பார்த்துவந்தேன். நேற்று அரைச் சுற்று வந்தது. இனி முழுதாகச் சுற்றும்.

கோபிக்காதே. வேலை அதிகம். வேறு விசயமில்லை.

அண்ணன்,
கோணாமலை


குவைத்
16.06.1996

அண்ணனுக்கு,

சுகமாக இருக்கிறேன். நீங்களும் சுகமாக இருக்க அம்மனை வேண்டுகிறேன்.

வேண்டாம் என்று எழுதியபிறகும் செய்கிறீர்கள். பெடியளும் ஆமியும் என்று போன கடிதத்தில் எழுதியது உண்மைதான். ஆனால் அது மட்டும் இல்லை. இதை நான் ஒருவருக்கும் சொன்னதில்லை.

அன்று காலை அவர் மேல்மூடியைக் கழற்றி, சாமான்களைச் சாக்கில் வரிசையாக வைத்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் இருந்து ஒவ்வொன்றாகத் துடைத்துக் கொடுத்தேன். ஆமிக்காரர் வாசலில் வந்து கூப்பிட்டார்கள். அவர் கையைத் துடைத்துக்கொண்டே எழும்பி, "கண்ணகை, இதுல ஒண்டையும் தொட்டிராத. நான் வந்துதான் பூட்டணும். வரிசை மாறினா எஞ்சின் பிழைச்சிரும்" என்றார். போட்டிருந்த எண்ணெய்ச் சேட்டைக்கூட மாற்றவில்லை. சந்தியில் விசாரித்துவிட்டு விடுவார்கள் என்று நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அவர் வந்து பூட்ட வேண்டிய எஞ்சின் அது. வேறு ஆள் பூட்டினால் அவர் வரமாட்டார் என்று நாம் முடிவு செய்ததாகிவிடும். அந்த வளவில் அந்த ஜீப்பைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியாமல்தான் இந்த நாட்டுக்கு வந்தேன். ஆனால் அது அங்கே அப்படியே நிற்கிறது என்ற நினைப்பில்தான் இங்கே இருக்கிறேன்.

புஸ்பத்தின் பிள்ளையைப் பற்றி இந்த முறையும் எழுதவில்லை. ஆறு மாதப் பிள்ளைக்கு அளவாக ஒரு சட்டை வாங்கி வைத்திருக்கிறேன். சம்மாந்துறைப் பெண் ஒருத்தி லீவில் வருகிறாள், கொடுத்துவிடலாம். ஆணா பெண்ணா என்று சொல்ல என்ன கஷ்டம் அண்ணன்?

கண்ணகை


கிரான்
14.07.1996

அன்புத் தங்கச்சி,

உன் கடிதத்தைப் பல முறை வாசித்தேன். நீ மறைத்ததைச் சொல்லிவிட்டாய். நானும் சொல்லத்தான் வேண்டும். தூர தேசத்தில் தனியாக இருக்கிறவளுக்கு ஏன் என்று மச்சாள் தடுத்தாள். அதனால்தான் எழுதவில்லை.

சட்டையை அனுப்பாதே.

புஸ்பம் மருமகனோடு புலிபாய்ந்தகலில்தான் இருந்தாள். மார்கழிக் கடைசியில் கிரானுக்குக் கூட்டிவர இருந்தோம். அதற்குள் குளங்கள் வான்பாய்ந்து பாதை மூடிவிட்டது. நாள் முந்தி வலி கண்டுவிட்டது என்று மருமகன் தோணியில் வந்து சொன்னான். நான் உழவு மெசினில் இழுவைப் பெட்டியைப் பூட்டி, மச்சாளையும் ஏற்றிக்கொண்டு போனேன். போகும்போது தண்ணீர் சில்லின் அரைவாசிக்குத்தான் நின்றது. அவளை ஏற்றிக்கொண்டு திரும்பும்போது கூடிவிட்டது. வெட்டை வெளிக்கு நடுவில் எஞ்சினுக்குள் தண்ணீர் போய் மெசின் நின்றுவிட்டது. நாலு பக்கமும் தண்ணீர், மேலே மழை. மழைக்குப் படங்குச் சீலையை மேலே விரித்துப் பிடித்துக்கொண்டு நானும் மருமகனும் நின்றோம். மச்சாள் பெட்டிக்குள் அவளோடு இருந்தாள்.

ஆண் பிள்ளை. பூரணமாக இருந்தான். கொடி கழுத்தில் சுற்றியிருந்தது. அழவில்லை. ஆசுபத்திரிக்கு வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று டொக்டர் பிறகு சொன்னார்.

புஸ்பம் பிழைத்தாள். இப்போது எங்களோடுதான் இருக்கிறாள். கேட்டால் பதில் சொல்வாள், தானாக ஒன்றும் பேசமாட்டாள். கொட்டில் சரிந்த அன்று கூரையை அகற்ற அவளும் வந்தாள். ஜீப்பின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்று, "மாமாட ஜீப் ஓடியிருந்தா என்ட புள்ள அழுதிருக்கும் அப்பா" என்றாள்.

நான் அன்றைக்கு முடிவெடுத்தேன். அடுத்த மாரிக்கு இன்னும் நாலு மாதம்தான். மச்சான் வரமாட்டார் என்று நான் சொல்லவில்லை தங்கச்சி. வந்தால் ஓடுகிற ஜீப்பைப் பார்க்கட்டும். உனக்கு மனமில்லை என்றால் விட்டுவிடுகிறேன். இனிமேல் உன்னைக் கேட்காமல் தொடமாட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்,
கோணாமலை


குவைத்
02.10.1996

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் ஆடியிலேயே கிடைத்தது. எழுத உட்கார்ந்தால் கை வரவில்லை. புஸ்பத்தைத் தொட்டிலில் போட்டு ஆட்டியவள் நான். அவளுக்கு அப்படி நடந்தபோது நான் இங்கே யாருடைய பிள்ளைக்கோ பால் காய்ச்சிக்கொண்டிருந்தேன். சட்டை என் பெட்டிக்குள் கிடக்கிறது. ஒருவருக்கும் கொடுக்க மனமில்லை.

சாமான்கள் அடுப்படிப் பரணில் இருக்கின்றன. விறகை இறக்கினால் பின்னால் ஒரு பிரப்பங்கூடை தெரியும். மண்ணெண்ணெயில் நனைத்த சீலையில் எல்லாவற்றையும் சுற்றி வைத்தேன். நீளக் கம்பிகள் எட்டும் தனியாக நூலால் கட்டியிருக்கும். ஒவ்வொன்றிலும் முடிச்சுப் போட்டிருக்கிறேன்: ஒரு முடிச்சு உள்ளது ரேடியேற்றர் பக்கம், எட்டு முடிச்சு உள்ளது சாரதி இருக்கிற பக்கம். அவர் சாக்கில் வைத்த அதே வரிசை. மேல்மூடியின் நட்டுகளை நடுவில் தொடங்கி இரண்டு பக்கமும் மாறி மாறி இறுக்க வேண்டும். ஒரே முட்டாக இறுக்கக்கூடாது. அவர் செய்யும்போது பார்த்திருக்கிறேன்.

தண்ணீருக்குள் இறங்கும் முன் காற்றாடியின் பெல்ற்றைக் கழற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் காற்றாடி தண்ணீரை வாரி எஞ்சினில் அடிக்கும், வண்டி நின்றுவிடும். வண்டியின் இழுவையைக் கூட்டுகிற, சிவப்புத் தலை உள்ள தடியை வண்டி நிற்கும்போது மட்டும்தான் போட வேண்டும்.

புஸ்பத்தையும் வேலைக்குக் கூப்பிடுங்கள். கம்பி எது எது என்று அவள் எடுத்துத் தரட்டும். பாவம் என்று தள்ளி உட்கார வைக்காதீர்கள்.

மச்சாளின் முழங்கால் எப்படி?

அன்புடன்,
கண்ணகை


கிரான்
24.11.1996

அன்புத் தங்கச்சிக்கு,

நாங்கள் எல்லாரும் சுகம். மச்சாளுக்கு வீக்கம் வற்றிவிட்டது. உனக்கு அங்கே குளிர் தொடங்கியிருக்கும், காலுக்கு மேசு போட்டுக்கொள்.

ஜீப் ஓடுகிறது!

கூடை நீ சொன்ன இடத்திலேயே இருந்தது. புகை பிடித்துச் சீலை கறுத்திருந்தாலும் உள்ளே ஒரு சாமானிலும் துரு இல்லை. புஸ்பம் முடிச்சை விரலால் தடவி எண்ணி எண்ணிக் கம்பிகளை எடுத்துத் தந்தாள். நான் இரண்டாவதை மூன்றாவது இடத்தில் வைக்கப்போனபோது, "அப்பா, மாமி போட்ட முடிச்சப் பாருங்க" என்று கையைப் பிடித்துவிட்டாள்.

மேல்மூடிக்குக் கீழே போடுகிற காஸ்கெற் வேண்டியிருந்தது. மச்சான் எப்போதும் ஏறாவூர் முகைதீன்பாவா காக்காவின் கடையில்தான் வாங்குவார். தொண்ணூறுக்குப் பிறகு நான் ஏறாவூருக்குள் கால் வைத்ததில்லை. அந்த வருசக் கொலைகளில் முஸ்லிம்கள் பக்கம் நடந்ததும் நம் பக்கம் நடந்ததும் உனக்குத் தெரியும். கடை வாசலில் தயங்கி நின்றேன். அவரே எழும்பி வந்தார். தாடி முழுக்க வெள்ளை.

"வினாயகமூர்த்திட மச்சினன்தானே? என்னத்துக்கு வெளிய நிக்கிறீங்க, உள்ளுக்கு வாங்க" என்றார். தேத்தண்ணி வந்தது. "மூர்த்தி எங்க, ஆளக் காணல்லையே?" என்று கேட்டார்.

"இன்னும் வரல்ல காக்கா" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். பழைய சாமான் கிடந்த அறைக்குள் போய், தூசி தட்டி ஒரு காஸ்கெற் எடுத்துவந்தார். வயரும் நாலு பழைய ரயரும் பற்றறியும் அவர்தான் தேடித் தந்தார். பற்றறியை ஆமிக் காவலரணால் கொண்டுவர ஊர் விதானையாரிடம் அனுமதிக் கடிதம் எடுக்க அலைந்த கதை வேறு.

தொடக்கும்போது நான் முன்னால் நின்று கைபிடியைச் சுற்றினேன். புஸ்பம் சாரதி இருக்கையில் இருந்து பெற்றோல் மிதித்தாள். பல முறை சுற்றினேன், தோள் கழன்றுவிடும்போல இருந்தது. பிறகு இருமிக்கொண்டு பிடித்தது. வளவெல்லாம் புகை. அக்கம்பக்கத்துச் சனம் ஓடிவந்தது. நான் போதும் என்று கையைக் காட்டினேன். அவள் காலை எடுக்கவேயில்லை. "விட்டா நிண்டுரும் அப்பா, விட்டா நிண்டுரும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அழுதாள். ஒரு வருசத்துக்குப் பிறகு அவள் சத்தமாகப் பேசியது அன்றைக்குத்தான்.

வாகனப் புத்தகம் மச்சான் பேரில் இருப்பதால் பதிவு விசயமாக அரசாங்கக் கச்சேரிக்கு ஒரு நாள் போய்வந்தேன். அதைப் பிறகு எழுதுகிறேன்.

அண்ணன்,
கோணாமலை


குவைத்
15.12.1996

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் சுகம். இங்கே நல்ல குளிர். மேசு வாங்கிவிட்டேன்.

உங்கள் கடிதத்தைக் குசினிக்குள் வைத்து வாசித்துச் சத்தமாகச் சிரித்துவிட்டேன். வீட்டுக்கார அம்மா என்ன என்று எட்டிப் பார்த்தா. "எங்கட ஜீப் ஓடுது" என்று சொல்ல அரபு தெரியவில்லை. கையால் ஸ்ரியறிங் பிடித்துக் காட்டினேன். அவவும் சிரித்தா.

மாரி தொடங்கியிருக்கும். தண்ணீருக்குள் ஒற்றையாகப் போகாதீர்கள்.

கச்சேரியில் என்ன சொன்னார்கள்? அந்த வரியைப் பாதியில் விட்டிருக்கிறீர்கள். நீங்கள் பாதியில் விடுவது எதனால் என்று எனக்கு இப்போது தெரியும். எதுவானாலும் எழுதுங்கள்.

கண்ணகை


கிரான்
23.02.1997

அன்புத் தங்கச்சி கண்ணகைக்கு,

நீ சுகமாக இருக்க வேண்டும் என்று அம்மனைக் கும்பிட்டுவிட்டு இதை எழுதுகிறேன். உன் கடிதம் வந்து வெகு நாளாகிறது. கோபித்திருப்பாய்.

முதலில் கச்சேரி. வாகனத்தைத் தெருவில் ஓட்டுவதென்றால் சொந்தக்காரர் வந்து ஒப்பமிட வேண்டும், அல்லது பேர் மாற்ற வேண்டும் என்றார்கள். ஆள் காணாமல் போனவர் என்றேன். அந்த எழுதுவினைஞர் நல்ல மனிதர்தான். "அப்படியெண்டா மரண அத்தாட்சி எடுக்கணும் ஐயா. இப்ப அதுக்குச் சட்டம் வந்திரிக்கி. மனிசிதான் ஒப்பம் வைக்கணும்" என்று ஒரு படிவத்தை நீட்டினார். நான் வாங்காமல் வந்துவிட்டேன். உனக்கு எழுதக் கூடாது என்றும் நினைத்தேன். பத்திரம் இல்லாமலே அவசரத்துக்கு மட்டும் ஓட்டலாம் என்பது என் எண்ணம்.

தைப்பொங்கலுக்கு முந்திய கிழமை வெள்ளம். நம் அயலவள் ஆச்சிப்பிள்ளையின் மகளுக்கு, புலிபாய்ந்தகலில் இருப்பவளுக்கு, தலைப் பிரசவம். காலையில் ஆள் வந்து சொன்னது. நான் ஜீப்பை எடுக்க முன்னமே புஸ்பம் பின்னால் ஏறி இருந்துவிட்டாள். நீ எழுதியபடி பெல்ற்றைக் கழற்றினேன். புஸ்பத்தை ஏற்றிவந்த மெசின் நின்ற அந்த இடம் வந்தபோது தண்ணீர் கதவின் அடிக்கு மேல் நின்றது. நான் பெற்றோலில் இருந்து காலை எடுக்கவில்லை. ஜீப் நிற்கவில்லை. போனோம், ஏற்றினோம், திரும்பி வந்தோம்.

தெருவுக்கு ஏறியதும் காவலரண். மறித்தார்கள். ஒரு சிப்பாய் புத்தகத்தை வாங்கிப் பேரை எழுத்துக் கூட்டி வாசித்தான்.

"இது யாரு?"

"என்ட தங்கச்சிட புருசன்."

"ஓனர் எங்க?"

இந்த ஏழு வருசமாக இந்தக் கேள்விக்கு "இன்னும் வரல்ல" என்றுதான் சொல்லிவந்தேன். அதைச் சொன்னால், எங்கே போனார், யாரோடு இருக்கிறார் என்று அடுத்த கேள்வி வரும். வண்டியை ஓரத்தில் விடச் சொல்வார்கள். பின்னால் ஆச்சிப்பிள்ளையின் மகள் வலியில் கத்துகிறாள். புஸ்பம் என் தோளைப் பிடித்து உலுக்கினாள். "என்னத்தையாவது சொல்லுங்கப்பா!"

"செத்துப்போயிட்டார்" என்றேன்.

"எப்ப?"

"தொண்ணூறில."

அவன் என்னையும் பார்த்தான், பின்னால் கிடந்தவளையும் பார்த்தான். புத்தகத்தை மூடித் தந்து, போகச் சொன்னான்.

பெண் பிள்ளை. கொடி சுற்றவில்லை, ஆனால் கால் முந்தி வந்ததாம். வாழைச்சேனை ஆசுபத்திரியில் டொக்டர் எடுத்தார். தாயும் பிள்ளையும் சுகம். பிள்ளை அழுத சத்தம் வெளியில் எங்களுக்குக் கேட்டது. புஸ்பம் வராந்தாவில் நிலத்தில் இருந்துவிட்டாள். எழுப்பப் போனேன். "கொஞ்சம் இரிங்க அப்பா, கேட்டுட்டு வாறன்" என்றாள்.

ஆனால் எனக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை தங்கச்சி. உன் வாயால் வராத சொல்லை நான் சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்காமல், நடுத்தெருவில், அவர்களிடமே சொன்னேன். திரும்ப அதே கேள்வி வந்தால் திரும்பவும் அதைத்தான் சொல்வேன் என்பதும் எனக்குத் தெரியும். நீ என்ன சொன்னாலும் ஏற்றுக்கொள்கிறேன்.

அண்ணன்,
கோணாமலை


குவைத்
06.04.1997

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நான் உயிரோடு இருக்கிறேன், வேலை செய்கிறேன், சாப்பிடுகிறேன். நீங்களும் சாப்பிடுங்கள்.

கோபம் வந்தது, பொய் சொல்லமாட்டேன். ஒரு கிழமை உங்கள் பேரைக்கூட நினைக்கவில்லை. ஒரு நாள் சட்டி கழுவிக்கொண்டு நிற்கும்போது நான் மனதால் அந்த ஜீப்பில் உங்கள் இடத்தில் இருந்து பார்த்தேன். பின்னால் ஒருத்தி கத்துகிறாள். அவன் கேட்கிறான். எனக்கும் வேறு சொல் வரவில்லை.

வீட்டுக்கார அம்மாவிடம் லீவு கேட்டு நமது தூதரகத்துக்குப் போனேன். அங்கே தமிழ் தெரிந்த ஒரு தம்பி மரண அத்தாட்சிக்கான படிவத்தை எனக்காக நிரப்பினார். பேர், ஊர், தொழில் எல்லாம் கேட்டு எழுதினார். பிறகு, "இறந்த திகதி?" என்றார்.

"தெரியாது" என்றேன்.

"கொண்டுபோன திகதிய எழுதுவமா அக்கா? எல்லாரும் அப்படித்தான் எழுதுறாங்க."

"அண்டைக்கு அவர் உயிரோடதான் போனார் தம்பி. நடந்துதான் போனார். நான் பார்த்தன்."

அவர் பேனையை வைத்துவிட்டார். பக்கத்து மேசையில் ஆட்கள் காத்திருந்தார்கள். "திகதி இல்லாட்டி இது செல்லாது அக்கா" என்று மெல்லச் சொன்னார்.

எழுதுங்கள் என்றேன். எழுதினார். நான் ஒப்பமிட்டேன். அந்த இடத்தில் அழவில்லை. பஸ்ஸில் வரும்போது அழுதேன்.

நான் ஒப்பமிட்ட அந்தச் சத்தியக் கடதாசியை இதோடு வைத்திருக்கிறேன். கச்சேரியில் கொடுங்கள். ஜீப்பை என் பேருக்கு மாற்ற வேண்டாம், புஸ்பத்தின் பேருக்கு மாற்றுங்கள். ஓட்டவும் அவளுக்குப் பழக்குங்கள். ஊர் என்னவும் சொல்லட்டும். திவசம் இந்த வருசம் வேண்டாம். நான் வந்தபிறகு, நானே சமைக்க வேண்டும்.

ஆவணியில் என் ஒப்பந்தம் முடிகிறது. இனிப் புதுப்பிக்கமாட்டேன். என் வீட்டைக் கூட்டித் திறந்து வையுங்கள், அங்கேயே இருப்பேன். கொழும்பிலிருந்து பொலன்னறுவை வந்து அங்கிருந்து பஸ் எடுப்பேன். என்னைக் கூட்டிப்போக ஜீப்பைக் கொண்டு வராதீர்கள் அண்ணன். அந்த நேரம் புலிபாய்ந்தகலில் யாருக்காவது தேவைப்படும். சந்தியில் இறங்கி நான் நடந்தே வருகிறேன்.

மச்சாளுக்கும் புஸ்பத்துக்கும் என் அன்பு.

தங்கச்சி,
கண்ணகை